வருஷத்தின் முதல் பறவை

போன வருஷம் முழுவதும் அவள் பெயர் கோழி.

பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் அதை யாரும் சீந்தவில்லை. "கோழி, சாப்பிட வா." "கோழி, குளியலறையில இவ்வளவு நேரமா?" பிறந்தநாள் கேக்கில்கூட 'கோழிக்குப் பத்து வயது' என்று அப்பா எழுதி வாங்கி வந்தார். கேக் கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு முட்டையையும் வரைந்து கொடுத்திருந்தார்.

எல்லாம் அந்த வீட்டு விதியால் வந்தது. புத்தாண்டு அன்று காலையில் எந்தப் பறவையை முதலில் பார்க்கிறாயோ, அந்த வருஷம் முழுவதும் அதுதான் உன் பெயர். சத்தம் கேட்டால் கணக்கில்லை. படத்தில் பார்த்தால் கணக்கில்லை. உயிருள்ள பறவையைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததை அன்றைக்கே சமையலறை நாள்காட்டியில் எழுத வேண்டும். எழுதினால் எழுதியதுதான். அழிக்கக் கூடாது, திருத்தக் கூடாது.

விதியைப் போட்டவர் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் ஒரு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட சிட்டுக்குருவியைத்தான் அவர் முதலில் பார்த்தார். தொண்ணூறு கிலோ எடை உள்ள மனிதர், வருஷம் முழுவதும் 'குருவி'. பஸ் ஓட்டும் அம்மாவுக்கு ஐந்து வருஷமாக ஒரே பெயர்தான், 'புறா'. பஸ் நிலையத்தில் வேறு பறவையே கிடையாது. அண்ணன் மட்டும் ஜன்னலைத் திறந்ததுமே பருந்தைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அவன் நடையே மாறிப்போனது.

அவளோ செருப்பைத் தேடி வாசல் கதவைத் திறந்தாள். எதிரே ஒரு கோழி நின்றது. நான்காவது மாடியில் கோழிக்கு என்ன வேலை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பெயரோடு போனால் பரவாயில்லை. எல்லாவற்றிலும் நல்ல பறவை என்று யாருடையதற்கு ஓட்டு விழுகிறதோ, அவர்தான் அந்த விடுமுறைக்குப் படம் தேர்ந்தெடுக்கலாம். பருந்து அண்ணன் கார்கள் வெடிக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தான். அதையே மூன்று முறை போட்டான்.

"வர்ற வருஷம் நான் மீன்கொத்தி," என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

சும்மா ஆசைப்படவில்லை. நூலகத்திலிருந்து பறவைப் புத்தகம் எடுத்து வந்து, அட்டை கழன்று வரும்வரை படித்தாள். குடியிருப்பின் பின்பக்கத்தில் ஒரு குளம் உண்டு. அதன் ஓரத்தில் வளைந்த இரும்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வாரமாகக் கவனித்தாள். தினமும் காலை ஆறரைக்கு ஒரு மீன்கொத்தி அந்தக் குழாயில் வந்து உட்கார்ந்தது.

சிக்கல் ஒன்றுதான். கட்டிலுக்கும் குளத்துக்கும் நடுவே குறைந்தது நாற்பது காக்கைகள் இருந்தன.

அதற்கும் வழி கண்டுபிடித்தாள். பழைய தலையணை உறையைக் கிழித்தாள். படுக்கப் போகும்போதே கண்ணைக் கட்டிக்கொள்வது. குளக்கரையில்தான் அவிழ்ப்பது. கையைப் பிடித்து அழைத்துப் போக எதிர்வீட்டுப் பட்டாணி இருக்கிறாள். பட்டாணிக்கு ஆறு வயது. கூலி மூன்று பிஸ்கட்.

அண்ணன் மோப்பம் பிடித்துவிட்டான்.

"அந்தத் துணியில பாதி எனக்கு."

"எதுக்கு?"

"நானும் மீன்கொத்தி ஆகப் போறேன்."

"போடா! அது நான் கண்டுபிடிச்சது."

"குளம் உங்க அப்பா வீட்டுச் சொத்தா?"

"நமக்கு ஒரே அப்பாதான்டா!"

அந்த ஒரே அப்பாவிடம் வழக்கு போனது. "கண்ணைக் கட்டக் கூடாதுன்னு விதியில எழுதல. ரெண்டு பேரும் போங்க," என்றார். "குளத்துப் படியை விட்டுத் தண்ணியில இறங்கினா மட்டும் கால் இருக்காது, சொல்லிட்டேன்."

புத்தாண்டுக் காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் இருட்டிலேயே எழுந்தார்கள். அதாவது, அவர்களுக்கு மட்டும் இருட்டு. சுவரைத் தடவித் தடவிக் குளியலறைக்குப் போனார்கள். சாப்பாட்டு மேஜையில் ஆயிரம் துண்டுப் புதிர்ப்படம் பாதி சேர்த்தபடி பரப்பிக் கிடந்தது. அதில் கை படாமல் போவதே பெரிய பாடாக இருந்தது.

"இந்த பேஸ்ட் என்ன இப்படி நுரைக்குது?" என்றான் அண்ணன்.

"டேய், அது என் ஷேவிங் க்ரீம்!" என்று அப்பா அலறினார்.

பட்டாணி கதவைத் தட்டினாள். முதல் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அவள் முன்னால், அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு கோழி, கோழியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பருந்து. மூன்று பெட்டி ரயில் மாடிப்படியில் இறங்கியது.

"படி. படி. படி. இன்னொரு படி. இப்போ படி இல்ல."

"அதை முன்னாடியே சொல்ல மாட்டியா?" அண்ணன் இல்லாத படியில் காலை வைத்துத் தடுமாறினான்.

வெளியே வந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. எல்லாப் பக்கமும் பறவைச் சத்தம்.

"காக்கா," என்றாள் பட்டாணி. "இன்னொரு காக்கா. கறுப்பா ஒண்ணு. ஓ, அதுவும் காக்காதான்."

வாசலில் வாட்ச்மேனின் குரல் கேட்டது. "என்ன இது? காலங்காத்தால ரெண்டு கைதிகளைப் பிடிச்சுட்டுப் போற?"

"இவங்களுக்குக் காக்கா பார்க்கப் பயம்," என்றாள் பட்டாணி.

குளத்தின் வாடை வந்தது. கால்களுக்குக் கீழே புல், அப்புறம் கல்.

"வந்தாச்சு. உக்காருங்க," என்றாள் பட்டாணி. இரண்டாவது பிஸ்கட் கடிபடும் சத்தம் கேட்டது.

"குழாயில இருக்கா?"

"குழாய் இருக்கு. அது மேல ஒண்ணும் இல்ல."

"வந்ததும் சொல்லு. நீல முதுகு, பெரிய மூக்கு."

காத்திருந்தார்கள். அண்ணனின் கால் தாளம் போட்டது. யார் முதலில் துணியை உருவுவது என்று இரண்டு பேரும் கையைத் தலைக்குப் பின்னால் தயாராக வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் தண்ணீரில் அந்தச் சத்தம் கேட்டது. படபடவென்று அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

"என்ன அது?"

"வாத்து," என்றாள் பட்டாணி. "படி ஓரத்துல இருக்கு. அதால போக முடியல. கால்ல நூல் சுத்தியிருக்கு. றெக்கையிலயும் இருக்கு."

யாரோ தூண்டில் நரம்பை அறுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளுக்குச் சட்டென்று புரிந்தது. அந்த நரம்பு இழுக்க இழுக்க இறுகும்.

"துணியை அவுக்காத!" என்றான் அண்ணன். "வாத்து ஆயிடுவ! கோழியாவது பரவாயில்ல, ஸ்கூல்ல வாத்துன்னு கூப்பிட்டா அவ்வளவுதான்."

"நான் அவுக்கல. தடவியே எடுக்கறேன். பட்டாணி, என் கையை அதுகிட்ட கொண்டு போ."

கடைசிப் படியில் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். கொழுத்த, ஈரமான உடம்பு ஒன்று கையில் பட்டது. அடுத்த நொடி முகமெல்லாம் தண்ணீர். அலகு அவள் கட்டைவிரலைப் பிடித்து முறுக்கியது.

"ஆ!"

"என்னாச்சு?" என்றான் அண்ணன்.

"கடிக்குது! அதுக்குப் பயம்."

பறவைப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அவள் நினைவுக்கு வந்தது. அடிபட்ட பறவையைத் தூக்க வேண்டுமானால் அதன் தலையை ஒரு துணியால் மூடு. வெளிச்சம் போனால் அது அடங்கிவிடும்.

"துணி வேணும். பட்டாணி, உன்கிட்ட கைக்குட்டை இருக்கா?"

"பிஸ்கட்தான் இருக்கு."

அங்கே இருந்தவை இரண்டே துணிகள். ஒன்று அவள் கண்ணில் இருந்தது. இன்னொன்று அண்ணன் கண்ணில். அவன் தன் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான் என்பது பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

வாத்து மறுபடியும் அடித்துக்கொண்டது. இந்த முறை சத்தம் குறைவாக இருந்தது.

"சே!" என்றாள். துணியை உருவினாள்.

வெளிச்சத்தில் கண் கூசியது. முதலில் பார்த்தது வாத்து. சந்தேகத்துக்கே இடமில்லை. மஞ்சள் அலகு, சேறு பூசிய வெள்ளை உடம்பு, கோபம் கொப்பளிக்கும் ஒரு கண். அவளையே முறைத்தது.

"உனக்குத்தான் கோபமா? எனக்கு இல்லையா?" என்றபடி துணியை அதன் தலைமேல் போட்டாள்.

வாத்து அப்படியே அடங்கிவிட்டது.

"அண்ணா, வந்து பிடி. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

"பிடிச்சா பார்த்த மாதிரி ஆகாதுல்ல?"

"ஆகாதுடா, வாடா!"

அவன் கண்ணைக் கட்டியபடியே தவழ்ந்து வந்தான். அவள் வாத்தைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். "அய்ய, ஈரம்!" என்றான். ஆனால் விடவில்லை. சிறகுகளை உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் மாறியது. "இதோட நெஞ்சு எப்படி அடிக்குது தெரியுமா? மோட்டார் மாதிரி."

வீட்டில் எது சிக்கலானாலும் அவளிடம்தான் வரும். அம்மாவின் ஹெட்போன் வயர், அப்பாவின் அளவு நூல், எல்லாம். அவள் எதையும் இழுக்க மாட்டாள். புதிர்ப்படம் என்றால் முதலில் ஓரத்துத் துண்டு. சிக்கல் என்றால் முதலில் நுனி. நுனி எங்கே?

சிறகுக்கு அடியில் தேடினாள். இல்லை. கால் விரல்களுக்கு நடுவே பார்த்தாள். அங்கே இருந்தது, மயிரளவு. அதைப் பிடித்துக் காலைச் சுற்றி ஒரு முறை எடுத்தாள். சிறகுக்கு அடியில் விட்டு, மேலே கொண்டு வந்து, மறுபடியும் கால். ஒன்று, இரண்டு, ஏழு சுற்று. கடைசி முடிச்சு மட்டும் அடம் பிடித்தது. நகத்தை நுழைத்து மெல்ல நெம்பினாள். அது தளர்ந்தது. நரம்பு முழுவதும் அவள் கையில் வந்துவிட்டது.

"விடு!"

துணியை எடுத்தாள். அண்ணன் கையை விரித்தான். வாத்து அவன் மூக்கில் ஒரு அறை கொடுத்துவிட்டுத் தண்ணீரில் விழுந்தது. நன்றியெல்லாம் சொல்லவில்லை. குளத்தின் நடுவே போய் நின்று, வாலை ஆட்டி, திட்டுவது போல நீளமாகக் கத்தியது.

மூன்று பேரும் சிரித்தார்கள். அண்ணன் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தான்.

"நீலம்!" என்று பட்டாணி கீச்சிட்டாள். "குழாய்ல நீலம்!"

அண்ணன் துணியைப் பிய்த்து எறிந்தான். குழாயின்மேல் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. ஒரு நொடிதான். அம்பு போலத் தண்ணீருக்குள் பாய்ந்தது. வெள்ளி மீன் ஒன்றைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. அப்படியே பறந்து போய்விட்டது.

"பார்த்தியா!" என்று அவள் குதித்தாள்.

"பார்த்தேன்! பார்த்தேன்!" என்று அவனும் குதித்தான். அப்புறம் அவனுக்கு நினைவு வந்தது. குதிப்பதை நிறுத்தினான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் மெதுவாகச் சொன்னான். "நீயும் மீன்கொத்தின்னே எழுதிக்கோ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"பட்டாணி சொல்லிடுவா."

"சொல்லுவேன்," என்றாள் பட்டாணி, மூன்றாவது பிஸ்கட்டோடு.

"எனக்கே அது வேணாம்," என்றாள் அவள். "நான் பார்த்தது வாத்து."

சமையலறை நாள்காட்டியில் பெரிய எழுத்தில் 'வாத்து' என்று எழுதினாள். சின்னதாக எழுதினால் மட்டும் யாரும் கூப்பிடாமல் இருக்கப் போவதில்லை. அதற்குக் கீழே அண்ணன் 'மீன்கொத்தி' என்று எழுதினான். ஜன்னல் கம்பியில் மைனாவைப் பார்த்த அப்பா 'மைனா' ஆனார். மதியம் வேலை முடிந்து வந்த அம்மா, யாரும் கேட்காமலே 'புறா' என்று எழுதிவிட்டு உட்கார்ந்தாள்.

"சரி, படம் யாருக்கு?" என்றார் அப்பா. "மீன்கொத்தி, சொல்லு, எப்படிப் பார்த்த?"

"குழாய்ல இருந்துச்சு. தண்ணியில பாய்ஞ்சுச்சு. மீனோட போயிடுச்சு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"வாத்து, நீ சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். நடுவில் பட்டாணி வாத்தாக நடித்துக் காட்டினாள். கடித்தும் காட்டினாள். அம்மாவின் டீ ஆறிப்போனது. ஏழு சுற்றையும் அவள் ஒவ்வொன்றாக அவிழ்த்தபோது அப்பா வாயைத் திறந்தபடி கேட்டார். மூக்கில் அறை வாங்கிய இடத்தை அம்மா இரண்டாவது முறை சொல்லச் சொன்னாள்.

"என் ஓட்டு வாத்துக்கு," என்றாள் அம்மா.

"எனக்கும் வாத்து," என்றார் அப்பா.

அண்ணன் எழுந்து நின்றான். "வாத்தைப் பிடிச்சது யாரு? நான்! அப்போ எனக்கும் பங்கு வேணும்."

"நீதான் பார்க்கவே இல்லையே!"

"கையால பார்த்தேன்! அதோட நெஞ்சு அடிச்சதுகூட எனக்குத்தான் தெரியும்!"

அப்பா தலையைச் சொறிந்தார். கையால் பார்ப்பது பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அண்ணன் பேனாவை எடுத்தான். 'மீன்கொத்தி'க்குப் பக்கத்தில் 'பாதி வாத்து' என்று எழுதினான். அழிக்கவில்லை, திருத்தவில்லை, சேர்த்தான். அதனால் அது செல்லும் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

சாயங்காலம் புதிர்ப்படத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார்கள். எல்லோரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தனியாகக் கப்பலில் மாட்டிக்கொண்ட நாயின் படம். அவள் தேர்ந்தெடுத்தது. ஒரு கார்கூட வெடிக்காது.

"வாத்து," என்று சோபா ஓரத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள், "அந்த விளக்கை அணை!"

இரண்டு பேர் எழுந்தார்கள்.