மின்சாரமில்லாத றவுட்டர்

மின்சாரம் இல்லாமலே அந்த றவுட்டர் பதில் சொன்னது.

மேர்சி திரையை மறுபடி பார்த்தாள். மட்டக்களப்பு நகரத்து இணையக் கம்பனியொன்றின் கண்காணிப்பு அறையில் இருந்தபடி, தூரத்துக் கோபுரங்களில் இணையத்தைக் கடத்தும் றவுட்டர்கள் எப்படி இருக்கின்றன என்று கட்டளை அடித்துக் கேட்பது அவள் வேலை. பெரியகல்லாற்றுப் பக்கம், வாவியோரக் கோபுரத்தடி அறையிலிருந்த றவுட்டரைக் கேட்டிருந்தாள். மின்சாரம்: இல்லை. பற்றரி: இல்லை. மின்விசிறி: நின்றுவிட்டது. இவ்வளவையும் சொல்ல அதற்கு எங்கிருந்து உயிர் வந்தது?

வெளியே அந்தி கறுத்துக்கொண்டிருந்தது. தாழமுக்க மழை தகரத்தில் அறைய அறைய, யன்னல் இடுக்கால் வாவியின் சேற்று மணமும் அழுகிய பாசி மணமும் நுழைந்து, குளிரூட்டிக் காற்றோடு கலந்து, அவள் கழுத்தில் ஈரமாக ஒட்டின.

தொலைபேசி அடித்தது. அன்ரோ. அவள் கணவன், அதே கம்பனியின் தொழில்நுட்பக்காரன். கம்பனியின் செய்மதித் தொலைபேசியோடு அந்த றவுட்டரைத் திருத்தத்தான் போயிருந்தான்.

"வந்து சேர்ந்திட்டன். பூட்டைத் திறக்கிறன்."

"இஞ்சேருங்க, கரண்ட் இல்லாமலே அது பதில் சொல்லுது. எனக்கு ஒரு மாதிரி இரிக்கு. திறக்காம வாங்க."

"பிழையாக் காட்டுது போல. பயப்படாதகா. லைன் இல்லாம, வெள்ளத்துக்குள்ள சனம் ஆரையும் கூப்பிட ஏலாமக் கிடக்கு."

இரும்புக் கதவு கிரீச்சிட்டது. காலடிச் சத்தம் உள்ளே போனது.

"மேர்சி... இஞ்ச றவுட்டர் இல்ல."

"என்ன?"

"பெட்டி வெறுமை. ஆரோ கழட்டிக்கொண்டு போயிட்டாங்க. வயர்தான் தொங்குது."

அவள் கட்டளையை அடித்தாள். பதில் உடனே வந்தது. மின்விசிறி: இயங்குகிறது. வேகம் ஏறியது. இறங்கியது. ஏறியது. தொலைபேசிக்குள், அன்ரோவின் குரலுக்குப் பின்னால், ஈரமான, நீண்ட மூச்சொன்று அதே கதியில் ஏறி இறங்கியது.

"உங்களுக்குப் பின்னால ஆரு?"

"ஒருத்தரும் இல்லையே." இரும்புக் கதவு மறுபடி கிரீச்சிட்டது. "கதவை ஆரு சாத்தின?"

"வெளிய வாங்க! கெதியா!"

கைப்பிடியை உலுப்பும் சத்தம். மறுபடியும். பிறகு அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குரல் பாதியில் நின்றது.

மூச்சும் நின்றது.

இணைப்பு அறவில்லை. அவள் அலுவலகத் தொலைபேசியில் மீட்புக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

"தங்கச்சி, கல்லாத்துப் பாலத்துக்கு மேலால தண்ணி பாயுது," என்றது ஒரு களைத்த குரல். "விடியாம ஒருத்தராலயும் போக ஏலாது."

அலுவலகத் தொலைபேசியை வைத்தாள். வேறு செய்ய எதுவும் இருக்கவில்லை. கட்டளையை அடித்தாள்.

வழமையான வரிகளுக்குக் கீழே, எந்த றவுட்டரிலும் அவள் காணாத ஒரு வரி. பெயரில்லாத ஒரு பாகம். வெப்பநிலை மட்டும் இருந்தது. முப்பத்தேழு. உயிருள்ள மனிதனின் உடற்சூடு.

மறுபடி அடித்தாள். முப்பத்தாறு.

கையை எடுத்தாள். அடிக்கவில்லை. திரை தானாக நகர்ந்தது.

முப்பத்தைந்து.

முப்பத்துநான்கு.