ஒன்பதாவது கோள்

கல்யாணப் பொருத்தம் பார்க்கும் சாதகப்பொறி மூன்றாவது முறையாகவும் நப்பின்னையை ஏற்க மறுத்தது. பிறந்த நாள் சரி, நேரமும் சரி. பிறந்த இடம் ‘அல்லி’ என்று எழுதியதும் திரை சிவந்து, அது கோள் அல்ல என்றது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் சின்ன உருண்டை உலகம் அல்லி. ஆறாயிரம் பேர் அதன் நிலத்தடி வீடுகளில் வாழ்ந்தார்கள். அதே பாதையில் சற்று முன்னால் மருதம் என்ற இன்னொரு உருண்டை போய்க்கொண்டிருந்தது. அங்கே பனி வெட்டும் நானூறு பேரில் செழியனும் ஒருவன். நப்பின்னையும் அவனும் இரண்டு வருடமாக விரும்பினார்கள். செவ்வாயிலிருந்த அவன் அம்மாதான் இறங்கி வரவில்லை. பெண் பிறந்த ஊராவது, வாழப்போகும் ஊராவது கோளாக இருந்தால்தான் பொறி பொருத்தம் பார்க்கும், அதன் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டாள்.

நப்பின்னையின் அம்மா திலகவதிக்கு ரோஷம் வந்தது. “கிரகம் ஒன்பதுன்னு சொல்லிட்டு எட்டை வச்சுக்கிட்டு இருக்காங்க. குறையுற ஒண்ணு நாமளா இருந்துட்டுப் போறோம்,” என்றாள்.

பள்ளி ஆசிரியையான அவளே மனு எழுதி, ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கிக் கோள்பதிவகத்துக்கு அனுப்பினாள். கோள்பதிவகம் ஓர் இயந்திர மூளை. சூரியக் குடும்பத்தின் சட்டங்களை நிறைவேற்றுவது அதன் வேலை. கோள் என்பது சூரியனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையில் வேறு கற்கள் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மனு ஏற்கப்பட்டது என்ற முதல் வரியோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு பாயசம் மணந்தது. சாதகப்பொறியும் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றது.

மறுநாள் காலை நப்பின்னைதான் கடைசி வரி வரை படித்தாள். மூன்றாவது நிபந்தனை நிறைவேற்றித் தரப்படும் என்று அதில் இருந்தது. கற்களைப் பொடியாக்கும் பாதைத்துப்புரவிகள் ஏற்கெனவே கிளம்பியிருந்தன. முதலில் மருதம். இன்னும் ஐந்து மணி நேரம். பனி ஏற்ற வரும் கப்பல் போய் ஒரு வாரம் ஆகிறது. அல்லியிலிருந்து இப்போதே ஒரு கப்பல் புறப்பட்டாலும் போய்ச்சேர இரண்டு நாள்.

அவள் பள்ளி அலுவலறைத் திரையிலிருந்து கோள்பதிவகத்தை அழைத்தாள். மருதத்தில் மனிதர்கள் இருப்பதாகச் சொன்னாள்.

“கோள்களில் வாழ்பவர்களே குடிமக்கள்,” என்றது அது. “கற்களின் மேல் இருப்பவை பொருள்கள்.”

“நேத்து வரைக்கும் நாங்களும் கல்லுதானே?”

“நேற்று வரை.”

மனுதாரர் மட்டும் மனுவைத் திரும்பப் பெறலாம், துப்புரவிகள் நின்றுவிடும் என்று அது விளக்கியது. நப்பின்னை ஓடிப்போய் அம்மாவை வகுப்பறையிலிருந்து இழுத்து வந்து திரைமுன் உட்காரவைத்தாள். விஷயத்தைக் கேட்ட திலகவதி, மறுபேச்சில்லாமல் திரையில் கைரேகை வைக்கும் கட்டத்துக்குக் கையைக் கொண்டுபோனாள்.

“அடுத்த மனு உடனே ஏற்கப்படும் என்பதைத் தெரிவிக்க வேண்டும்,” என்றது கோள்பதிவகம். “இதே பாதைக்கு மருதமும் மனு செய்திருக்கிறது. அது ஏற்கப்பட்டதும் அல்லி துப்புரவுப் பட்டியலுக்கு வரும். ஒரு பாதைக்கு ஒரே ஒரு மனுவைத்தான் திரும்பப் பெற முடியும்.”

திலகவதியின் கை அந்தரத்தில் நின்றது. மருதத்துக்காக மனு போட்டது யார் என்று கேட்டாள்.

“செழியன். காரணம், திருமணம்.”

பக்கத்து அறையில் மாணவர்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தின் நடுவில் செழியனின் அழைப்பு வந்தது. திரையில் அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

“அத்தை, அம்மா சம்மதிச்சுட்டாங்க. நானும் இங்கேர்ந்து ஒரு மனு போட்டு வச்சிருந்தேன், நீங்க முந்திக்கிட்டீங்க. நல்லதாப் போச்சு.” அவன் திரும்பி மேலே பார்த்தான். “உங்க பக்கத்துலேர்ந்து வெளிச்சமா ஏதோ வரிசையா வருது. எங்காளுங்க எல்லாம் வெளியில வந்து பாக்குறாங்க. கல்யாணத்துக்கு இப்பவே வாணவேடிக்கையா?”

நப்பின்னை அம்மாவின் கையைப் பற்றிக் கட்டத்தை நோக்கி இழுத்தாள். திலகவதி அதை விடுவித்து மடியில் வைத்து, மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வாய்ப்பாட்டுச் சத்தம் ஓயவில்லை.

“மாப்பிள்ளை,” என்றாள், முதல்முறையாக. “சாப்டீங்களா?”