செத்த நேரத்துல

காதல் கதையின் முப்பத்தோராம் அத்தியாயத்தில், கோயம்புத்தூர் பங்களாவில் கல்யாணப்பெண் தலைவாரிக்கொண்டிருந்த இடத்தில், காளீஸ்வரி எழுதாத ஒரு வரி இருந்தது.

“செத்த நேரத்துல வாரேன்.”

வாசலில் நின்று யாரோ சொல்கிறார்கள். அந்தப் பங்களாவில் ஒருவரும் இப்படிப் பேசமாட்டார்கள். கொஞ்ச நேரத்தை ‘செத்த நேரம்’ என்பது ராஜபாளையத்துப் பேச்சு. சரியாகச் சொன்னால் ஞானதுரையின் பேச்சு. அவனோ துப்பறியும் கதையில் இருப்பவன். அவனைத் திங்கட்கிழமையே லாரி ஏற்றிக் கொன்றாகிவிட்டது.

ஒரே கம்ப்யூட்டரில் அவள் எழுதும் மூன்று தொடர்கள்: காதல், துப்பறியும் கதை, ராஜா காலத்துக் கதை. ஒன்றில் வெட்டியதை இன்னொன்றில் ஒட்டியிருப்பாள். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் புருஷன் இதைச் சொல்லித்தானே சிரித்தான்?

“மூணு ஊரு குடும்பத்தை நடத்துதா உங்கம்மா. நம்ம வீட்டு சட்னிக்கு உப்பு போட ஏலலை,” என்றான் சிவபாண்டி மகளிடம். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தன் ஜெராக்ஸ் கடைக்குப் பைக்கை எடுத்தான்.

பதினோரு வருஷமாக இதே கேலி. ஞானதுரையை அவள் உண்டாக்கியதே இந்தக் கோபத்தில்தான். புருஷனின் தொண்டைக் கனைப்பு, அவன் பைக், கடை சாத்தும்போது போனில் அவன் தினமும் சொல்லும் ‘செத்த நேரத்துல வாரேன்’ எல்லாவற்றையும் ஞானதுரைக்குக் கொடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டிலேயே வைத்துக் கொன்றாள். எழுதும்போது ருசியாக இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை.

வரியை அழித்தாள். ராஜா கதைக்குப் போனாள். கோட்டைக் கதவுக்கு வெளியே ஒருவன் கனைத்தான்.

“செத்த நேரத்துல வாரேன்.”

மணி நாலரைதான், ஆனால் அய்யனார் கோவில் மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கி அறை முழுக்க ஈரச் சாம்பல் நிறமாகிவிட்டது. தகர ஷெட்டில் முதல் தூறல் விழும் சத்தத்தோடு, கூடத்தில் மகள் மாரீஸ்வரி வாய்ப்பாடு சொல்லும் குரலும், அதற்கு நடுவே எங்கிருந்தோ வந்த பெட்ரோல் வாடையும், நனைந்த ரெக்சின் சீட்டின் வாடையும், கூடவே இரும்புத் துரு போன்ற இன்னொரு வாடையும் மெல்லக் கலந்தன.

காதல் கதையைத் திறந்தாள். அழித்த வரி மறுபடி இருந்தது. இப்போது வாசலில் இல்லை. கூடத்தில்.

அழித்தாள். மறுபடி வந்தது. படிக்கட்டில். கல்யாணப்பெண்ணின் சீப்பு பாதித் தலையில் நின்றது.

அழித்தாள்.

அறைக் கதவுக்குப் பக்கத்தில்.

அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

“போடா நாயே!” என்று கத்தினாள். திரும்பினால் யாருமில்லை.

“யாரைம்மா ஏசுற?” என்றாள் மகள் கூடத்திலிருந்து.

“ஒண்ணுமில்லைட்டி. நீ படி.”

பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. அவள் உண்டாக்கியவன், அவள் கொன்றவன், அவளையே மிரட்டுவதா? வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால் இந்த ஊரில் பதறிப்போவார்கள், திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து ‘வாரேன்’ என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். ‘போறேன்’ திரும்பி வராதவர்களின் வார்த்தை. இவனுக்கு அதுதான் சரி. சாகப்போகிறவன் வாயில் ‘வாரேன்’ என்று எழுதியது அவள் செய்த தப்பு.

மூன்று கதைகளிலும் ‘வாரேன்’ இருக்கும் இடமெல்லாம் ‘போறேன்’ என்று மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள்.

நானூற்றுப் பதினாறு இடங்கள் மாறின. அவள் எழுதியது ஒன்றே ஒன்று.

வாடை நின்றது. கனைப்பு இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

போன் அடித்தது. சிவபாண்டி. பின்னால் மழை, லாரிகளின் இரைச்சல்.

“ஏட்டி காளி, மழைன்னு சீக்கிரமே கடையைச் சாத்திட்டேன். ரோட்டுக்கு வந்துட்டேன். செத்த நேரத்துல போறேன்.”

“என்ன சொன்னீங்க?”

“செத்த நேரத்துல போறேன்.”

“வாரேன்னு சொல்லுங்க.”

“அதைத்தானட்டி சொல்லுதேன். போறேன்.”

“விளையாடாதீங்க! வாரேன்னு சொல்லுங்க!”

எதையோ சொல்லத் தொடங்கித் திக்கினான். பிறகு அவன் குரல் மாறியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத குரல்.

“வாய்ல வரமாட்டேங்குதுட்டி. போறேன். காளி... போறேன்.”

ஹாரன் சத்தம். நீளமாக. போன் செத்தது.

கம்ப்யூட்டரிடம் ஓடினாள். திரும்ப மாற்று. மாறவில்லை. கையால் அடித்தாள். வா. திரையில் போ. வா. போ. வா. வா. போ.

கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

பதினோரு வருஷக் கோபம் முழுவதும் இப்போது அவள்மேலேயே திரும்பியது. அவன் வேண்டும். சட்னியைக் குறை சொல்லிக்கொண்டு, கனைத்துக்கொண்டு, முழுசாக வேண்டும். செருப்பைக் கூடப் போடாமல் ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

மாரீஸ்வரி ஓடிவந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கம்மா கிளம்பிட்ட? மழை பெய்யுது. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு.”

காளீஸ்வரி குனிந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு உடனே வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பல்லைக் கடித்து, கண்ணில் நீர் முட்ட, உதட்டை அந்த ஒரு எழுத்துக்காகத் திறந்து திறந்து பார்த்தாள்.

உதடு தானாகக் குவிந்தது.

“போறேன்,” என்றாள்.