ஐந்நூற்று நாற்பது வோல்ட்

மின்கல அறையின் கதவு தாங்கியிலிருந்து நழுவிச் சாத்திக்கொண்டபோது ஹெப்சிபா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூட்டின் நாக்கு விழும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

எண்பது இருக்கை மின்விமானத்தின் வயிற்றுக்குள் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு பீரோவைப் படுக்கப் போட்ட அளவுதான் இடம். முகத்துக்கு ஒரு முழத்தில் இரண்டு செம்புப் பட்டைகள், அவற்றுக்குப் பின்னால் மின்னைத் தேக்கி வைக்கும் மின்தேக்கிகள். விமானம் நின்றதும் அவற்றில் மிஞ்சியதை வடித்துவிட ஒரு மின்தடை உண்டு. அது எரிந்துபோயிருந்தது. புதியதைப் பொருத்தத்தான் அவள் உள்ளே வந்தாள்.

கதவு பூட்டிப் பத்து நிமிடமானால், தீப்பிடிக்காமலிருக்க அறைக்குள் தானாக நைட்ரஜன் நிரம்பும். அது விஷமில்லை. நாலைந்து மூச்சில் மயக்கம் வரும், அவ்வளவுதான். பிறகு எழுந்திருக்க மாட்டார்கள்.

காதுப்பொறியில் வைரவநாதனைக் கூப்பிட்டாள். பராமரிப்புப் பயிற்சியில் அவளோடு இரண்டாம் ஆண்டு படிப்பவன், காரைக்குடிக்காரன். ஏற்கெனவே கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலும் இந்தப் பூட்டு திறக்க மறுத்தது. பூட்டு பழுது என்று எழுதிக் கொடுத்து, பராமரிப்புச் சாவி வாங்கித் திறந்தவனே அவன்தான். அந்தச் சாவி நாளுக்கு ஒருமுறைதான் வேலை செய்யும். மறுபடி திறக்கத் தலைமையகம் அனுமதிக்க வேண்டும். அதற்கு நாற்பது நிமிடம் ஆகும் என்றார்களாம். தகட்டை அறுத்துத் திறக்கவும் அதே நேரம் பிடிக்கும்.

அந்தப் பூட்டு ஏதோ பழைய சட்டத்தின் மிச்சம். செம்புப் பட்டைகளுக்கிடையே அறுபது வோல்ட்டுக்கு மேல் இருந்தால் திறக்காது. அதற்குக் கீழே இறங்கினால் நாக்கு தானே மேலேறும். வோல்ட் என்றால் என்னவென்று அந்த ஹேங்கரில் இப்போது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவை போய்ப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. உணர்கையுறை வந்ததிலிருந்து மின்சாரம் கைக்குத் தெரிந்தது. மின்னழுத்தம் உள்ளங்கையில் பாரமாக இறங்கும். மின்னோட்டம் விரல் வழியே வெதுவெதுப்பாக ஓடும். மின்தடை இருந்தால் விரல்கள் இறுகும். பாடத்திலிருந்து முதலில் ஓம் போனது, பிறகு ஆம்பியர், கடைசியாக வோல்ட். அளவைமானிகளையும் பழைய இரும்போடு அள்ளிப் போட்டார்கள். பட்டைக்கு அருகில் கையை நீட்டினால் போதும், கையுறை எட்ட இருந்தே சொல்லிவிடும்.

வைரவநாதன் வெளியிலிருந்தே கதவின்மேல் கையை வைத்துப் பார்த்தான். பிறகு, பதறாமல் சொன்னான்.

"கைல ஒண்ணுமே தெரியல, ஹெப்சி. பட்டை காலியாத்தான் கெடக்கு. பூட்டுதான் கெட்டுப்போச்சு. பட்டைல இருந்து பூட்டுக்குப் போற கம்பியக் கையால உருவி விட்ரு, தொறந்துக்கும்."

அவளும் கையை நீட்டினாள். உள்ளங்கையில் எந்தப் பாரமும் இல்லை. விரல்கள் கம்பியை நோக்கிப் போயின. ஒரு சாண் தூரத்தில் நின்றன.

கோவில்பட்டியில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் அவள். பம்புசெட் மின்தேக்கியை வெறுங்கையால் தொட்டு, எட்டடி தள்ளிப் போய் விழுந்த ஒருவரைப் பார்த்திருக்கிறாள். இந்த மின்தேக்கிகளை வடிக்க வேண்டிய மின்தடையே எரிந்து கிடக்கிறது. அப்படியானால் உள்ளே இருந்தது எங்கே போயிருக்கும்?

கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டில் கையுறை வாரின் தடம் பதிந்திருந்தது. இரண்டு வருடமாக அதைப் போட்டிருப்பது இப்போதெல்லாம் நினைவுக்கே வருவதில்லை. முதல் மாதம் வீட்டுப் பிளக்கருகே போனாலே கை கனத்துத் துடித்தது. பிறகு அது குறைந்தது. ஆறு மாதத்துக்கொருமுறை நிறுவனத்தார் வந்து கையுறையின் வீச்சைக் கூட்டிவிட்டுப் போனார்கள். ஏன் கூட்ட வேண்டியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஓயாமல் தொடும் எதையும் தோல் மெல்ல மெல்ல மறந்துவிடும். மரத்துப்போனது மரத்துப்போன கைக்கே தெரியாது.

இந்த இடத்தில் மரத்துப்போகாதது ஒன்றே ஒன்றுதான். அது பூட்டு.

"வைரவா, நா கம்பியத் தொடமாட்டேன். உள்ள ஐநூத்தி நாப்பது வோல்ட் இருக்கு."

"அது என்ன கணக்கு? யாரு சொன்னா?"

"தகட்டுல எழுதியிருக்கு." ஆறு நிமிடம் முடிந்திருந்தது. மின்தேக்கித் தொகுப்பின் பித்தளைத் தகட்டைத் துடைத்து முழுதாகப் படித்தாள்: ஐந்நூற்று நாற்பது வோல்ட், பூச்சியம் புள்ளி ஒன்று ஃபாரட். கையிலிருந்த புதிய மின்தடையின் உடம்பில் ஆயிரம் ஓம் என்றிருந்தது. ஓமையும் ஃபாரடையும் பெருக்கினால் விநாடி வரும். இன்னும் பழைய பாடமே நடத்திய ஐடிஐயில் அதை மனப்பாடம் செய்தபோது அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூறு விநாடி. ஒவ்வொரு நூறு விநாடிக்கும் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஐந்நூற்று நாற்பது இருநூறாகும், அடுத்த நூறில் எழுபத்துமூன்றாகும். அறுபதைத் தொட இன்னும் இருபது விநாடி வேண்டும்.

ரப்பர் உறை போட்ட இரண்டு கிளிப்புகளை மின்தடையின் முனைகளில் மாட்டினாள். ஒரு வயரை ஒரு பட்டையில் பிடிக்க வைத்தாள். நெஞ்சின் வழியே மின்சாரம் பாயாதபடி இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு மற்ற வயரை அடுத்த பட்டைக்குக் கொண்டுபோனாள். பட்டென்று நீலப் பொறி தெறித்தது. மின்தடையிலிருந்து புது வார்னிஷ் கருகும் வாடை வந்தது. சற்று நேரத்தில் அதன் சூடு கன்னத்தில் அடித்தது. காலி என்று இரண்டு கைகள் சொன்ன பட்டையிலிருந்து வந்த சூடு.

அவள் வாய்விட்டு எண்ணினாள். நூற்றெண்பதில் தலைக்கு மேல் ஏதோ திறந்து உஸ்ஸென்று சீறியது. முகத்தைக் கதவின் விளிம்போடு அழுத்திக்கொண்டாள். இருநூறில் பூட்டு அசையவில்லை. கணக்குப்படி அசையக்கூடாது. இருநூற்றுப் பத்தில் எண்கள் குழறின. தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. அடுத்த எண் எது என்று தேடிக்கொண்டிருந்தபோது நாக்கு மேலேறியது. வைரவநாதன் அவளைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான்.

விசாரணை மறுவாரம் நடந்தது. மூன்று உறுப்பினர்கள், மூவரும் பதினோரு வருடமாகக் கையுறை அணிந்தவர்கள். ஹெப்சிபா பலகையில் மூன்று எண்களை எழுதி விளக்கினாள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அன்றைக்குப் பதிவான உணர்வைத் தங்கள் கையுறைகளில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு மூவரும் வெகுநேரம் காத்திருந்தார்கள்.

"எங்க கைக்கு ஒண்ணும் தெரியலையேம்மா," என்றார் தலைவர். குரலில் உண்மையான பரிவு இருந்தது. "நீங்க பயந்துட்டீங்க. அது இயல்புதான்."

தீர்ப்பு ஒரு பக்கம்தான். ஆபத்து எதுவும் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. காலியாக இருந்த அறையில் ஒரு பயிற்சியாளரை அடைத்து உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது பழுதடைந்த பூட்டு. ஆகவே நாற்பத்திரண்டு விமானங்களிலிருந்தும் அந்தப் பூட்டு அகற்றப்பட வேண்டும். இனிமேல் இரண்டு பேரின் கைகள் உணர்ந்து உறுதி செய்தாலே போதும்.

திங்கட்கிழமை வேறொரு விமானம் வந்தது. அதிலும் மின்தடை எரிந்திருந்தது. பூட்டைக் கழற்றி எடுத்த துளை வழியாக மின்கல அறை தெரிந்தது. வைரவநாதன் கதவைத் திறந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே தலையைக் கொடுத்தான். முதலில் மின்தடையைக் கிளிப்பில் மாட்டி வடித்துவிட்டுப் போ என்று ஹெப்சிபா சொன்னாள். விசாரணையில் தலைவர் பேசிய அதே பரிவோடு அவன் சிரித்தான். பட்டையை நோக்கிப் போன அவன் மணிக்கட்டை அவள் எட்டிப் பிடித்தாள்.

கையுறையோடு கையுறை பட்டது. அவன் கை உணர்ந்தது அவள் கைக்கும் வந்தது. அவளுக்கும் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் கை உறுதி செய்ததாகக் காதுப்பொறியில் குரல் ஒலித்தது. கதவுக்கு மேலே விளக்கு பச்சையானது.

"அதான் பச்சை வந்துருச்சே, விடு," என்றான் வைரவநாதன்.

அவள் இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.