படம் வரட்டும்

உலக மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஒஹாயோ மாநிலத்து ஏரிக்கரை ஊர் ஒன்றின் மருத்துவமனையில், மூடிக்கிடக்கும் பழைய நெஞ்சுநோய் வார்டில் பேய் எதுவும் கிடையாது. நிர்வாகக் குழு கூடி, டோனட் தின்று, ஒருமனதாக அப்படித் தீர்மானித்திருக்கிறது. தீர்மானத்தைப் பேயிடம்தான் யாரும் சொல்லவில்லை.

கோரி பியாலெக்குக்குப் படிக்க அமைதியான இடம் வேண்டியிருந்தது. மூச்சு சிகிச்சையாளர் உரிமத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவன். இந்த முறையும் போனால், இருக்கிற தற்காலிக வேலையும் போய்விடும். மதிய இடைவேளையில் சாண்ட்விச்சோடு அந்த வார்டுக்குப் போனான். அவனோடு படித்து, முதல் முறையே தேறி, அதை யாரையும் மறக்கவிடாத லோர்னாவும் கேள்வி அட்டைகளோடு வந்து, ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டாள்.

"பீப்பா மாதிரி நெஞ்சு. உதட்டைக் குவிச்சு மூச்சு விடறார். வாழ்நாள் பூரா சிகரெட்."

"புகையில கெட்ட நுரையீரல். ஆக்ஸிஜனை அளந்து குடுக்கணும்."

"பரவால்லையே. அடுத்த ஆள், கார் மோதி வந்திருக்கார். வலப்பக்க நெஞ்சு அசையல. தட்டினா காலி டப்பா சத்தம். மூச்சுக்குழல் இடப்பக்கமா தள்ளிப்போயிருக்கு."

"நுரையீரலுக்கு வெளிய காத்து அடைச்சு அதை நசுக்குது."

"கண்டுபிடிச்சுட்ட. என்ன பண்ணுவ?"

"எக்ஸ்ரே எடுத்து உறுதி பண்ணிட்டு…"

"படம் நல்லா வரும். ஆளுதான் இருக்க மாட்டார். உடனே ஊசியைக் குத்திக் காத்தை வெளிய விடுடான்னா, ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுக்கப் போயிடற."

"தப்பா குத்திட்டா?"

லோர்னா அவன் விரலில் இருந்த, பள்ளி முடித்ததன் நினைவாகப் போடும் தடித்த மோதிரத்தைப் பார்த்தாள். "அந்த மோதிரத்தோட கனத்துக்காவது உனக்குத் தைரியம் இருக்கக்கூடாதா?"

அவசரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அட்டைகளை அவன் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. நடுப்பகல் வெளிச்சம் வார்டு முழுக்க வெளுத்துக் கிடந்தது. ஈர ரப்பர் வாசனை எங்கிருந்தோ வந்தது. கூடவே ஒரு மூச்சு. மேலோட்டமான, அவசரமான மூச்சு.

எதிர்க் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார்.

கோரி அலறவில்லை. இரண்டு முறை தோற்றவனுக்கு அலறக்கூடத் தோன்றுவதில்லை. அட்டையைப் படிப்பதுபோல அவரைப் படித்தான். உதடு நீலம். கழுத்து நரம்புகள் கயிறாய்ப் புடைத்திருந்தன. வலப்பக்க நெஞ்சு அசையவில்லை.

மூச்சுக்குழல் இடப்பக்கம் தள்ளிப்போயிருந்தது.

"படம்…" அவனையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"அப்படித்தான் சொன்னாங்க," என்றார் அவர், காற்றே இல்லாத குரலில். "படம் வரட்டும்னு."

"எப்போ சொன்னாங்க?"

"இன்னும் வரல."

கையில் ஊசி இல்லை. கோரி அவருடைய காறை எலும்புக்குக் கீழே கையை வைத்தான். தோல் குளிர்ந்திருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே விரலை அழுத்தினான்.

"இங்க. இப்பவே."

டயரில் காற்று இறங்கும் சத்தம். பழைய, குளிர்ந்த காற்று அவன் முகத்தில் அடித்தது. ஒரு நெஞ்சு கொள்ளும் அளவையும் தாண்டி அது வந்துகொண்டே இருந்தது.

பிறகு அவன் கை வெறும் மெத்தையில் இருந்தது.

லோர்னா திரும்பி வந்தபோது, சுவரில் எக்ஸ்ரே பார்க்கும் பழைய விளக்குப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. அதன் வயரை எப்போதோ வெட்டிவிட்டிருந்தார்கள். பெட்டியில் ஒரு படம், ஈரம் சொட்டச் சொட்ட.

"யாருடா மாட்டினது இதை?"



படத்தில் ஒரு நெஞ்சு. வலப்பக்கம் முழுக்கக் காற்றின் கறுப்பு. காறை எலும்புக்குக் கீழே, விலா எலும்புகளின் மேல், ஒரு கையின் எலும்புகள். அதில் ஒரு விரலில் தடித்த மோதிரம், வெள்ளையாக.

லோர்னா படத்தைப் பார்த்தாள். கோரியின் கையைப் பார்த்தாள். மோதிரத்தைப் பார்த்தாள்.

நிர்வாகக் குழு மறுபடி கூடி, மின்கோளாறு என்று தீர்மானித்துப் பெட்டியைக் கழற்றியது. பெட்டி இருந்த இடத்தில் சுவர் இன்னும் வெளிச்சமாகத்தான் இருக்கிறது.

தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை. உடனே மருந்து கொடுக்க வேண்டிய ஆஸ்துமா வந்தது. கோரி எக்ஸ்ரே கேட்டுத் தோற்றான்.