மனத்தாங்கல்மானி

வெர்தானா பாலத்தை யாரும் தனியாகக் கடக்க முடியாது. இருவர் இருவராகத்தான் வாயிலில் நிற்க வேண்டும். மேலே பொருத்தியிருக்கும் மனத்தாங்கல்மானி இருவரின் நாடியையும் மூளை அலைகளையும் படித்து, ஒருவர்மேல் ஒருவருக்கு எவ்வளவு கசப்பு என்று எண்ணாகச் சொல்லிவிடும். இருபதுக்குக் கீழே இருந்தால் கதவு திறக்கும். போர் முடிந்ததும் இரு கரைக்காரர்களும் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது.

அமைதிப் பாடம் படிக்கப் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த இருபத்திரண்டு மாணவிகளும் சிரித்துக்கொண்டே சோடி சோடியாக அக்கரை போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு ஆசிரியைகள்: வரலாறு எடுக்கும் செங்கமலம், கணக்கு எடுக்கும் அமலோற்பவம்.

இருவரும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. விமானத்தில்கூட, "அந்த மிஸ்ஸ ஜன்னல மூடச் சொல்லு" என்று பிள்ளைகள் வழியாகத்தான் பேச்சு. இப்போது தூதர்கள் அத்தனை பேரும் அக்கரையில், அந்நிய ஊரில், துணைக்கு ஆளில்லாமல்.

இருவரும் வாயிலில் போய் நின்றதும் மானி தொண்ணூற்றொன்று காட்டியது.

வாயில்காவலர் மிரோவா எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டைக் கொளுத்திய படையில் இருந்தவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய ரொட்டியில் பாதியைத் தின்றுகொண்டிருந்தான். "கருவி பழுதா?" என்று அவனிடம் கேட்டாள். ஆசிரியைகளின் காதிலிருந்த மொழிமாற்றி அதையும் சுத்தத் தமிழில் ஒப்பித்தது. செங்கமலத்துக்கு மானம் போயிற்று.

மிரோவா இரக்கத்தோடு திரும்பினாள். "உங்களுக்குள் என்ன போர் நடந்தது?"

"ஆண்டு விழா," என்றாள் அமலோற்பவம். "இவங்க நன்றியுரையில மைக் செட்டுக்காரர் வரைக்கும் நன்றி சொன்னாங்க. ராப்பகலா நாடகம் போட்ட என் பேரை மட்டும் விட்டுட்டாங்க."

"மறந்துட்டேன்னு அன்னைக்கே சொன்னேம்லா டீச்சர்!"

மானி தொண்ணூற்றாறுக்கு ஏறியது.

ரொட்டி தின்றவன் மெல்லுவதை நிறுத்தினான். செங்கமலம் அக்கரையைப் பார்த்தாள். பிள்ளைகள் போர் நினைவுத்தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குறிப்பேடும் கையுமாகப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"மறக்கல டீச்சர்," என்றாள். "உங்க நாடகந்தான் கைதட்ட அள்ளிட்டுப் போச்சு. எரிச்சல்ல, மேடை ஏறும்போதே உங்க பேரப் பேனாவால அடிச்சிட்டேன்."

"தெரியும்," என்றாள் அமலோற்பவம். "அந்தத் தாள மேசையில பாத்தேன். வாயத் தொறந்து சொல்லுவீங்களான்னுதான் ரெண்டு வருஷமா பாத்துட்டு இருக்கேன்."

செங்கமலத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அமலோற்பவம் கைக்குட்டையை நீட்டினாள். எண் ஐம்பதுக்கு வந்தது, முப்பதுக்கு வந்தது, பத்தொன்பதில் நின்றது. கதவு திறந்தது. அக்கரையில் கைதட்டல் கிளம்பிற்று.

மிரோவா கூடவே ஓடிவந்தாள். "அடுத்த வருடம் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை உங்கள் பள்ளிக்கு அனுப்பலாமா? இங்கே அவர்களுக்குக் காட்டச் சண்டையே மிச்சமில்லை."

"தாராளமா அனுப்புங்க," என்றாள் அமலோற்பவம். "எங்க ஹெச்.எம்மும் பி.டி. மிஸ்ஸும் பேசி அஞ்சு வருஷமாச்சு."