பேய்க்கு ஒரு கேள்வி

"நிலானீ...!"

ஆற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஆட்டின் கயிற்றைக் கையில் பிடித்தபடி நிலானி அப்படியே நின்றுவிட்டாள்.

பெரியகல்லாற்றில் மட்டக்களப்பு வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை. ஆறு என்றுதான் சொல்வார்கள். நிலானியின் வீட்டுப் பின்வேலியைத் தாண்டினால் ஆறு. ஒரு வாரமாக ஊற்றிய மழையில் அந்த ஆறு வேலிவரை வந்துவிட்டது. கரையில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போகத்தான் நிலானியும் பெரியம்மா செசீலியாவும் வந்திருந்தார்கள். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு மேல் பனிப்புகார் மூடிக் கிடந்தது. கரைக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை.

"பெரியம்மா, ஆரோ என்னைக் கூப்பிடுற மாதிரி..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மாவின் கை வந்து அவள் வாயைப் பொத்தியது. கையில் கருவாட்டு மணம் அடித்தது.

"ஓம் எண்டு பதில் சொல்லிப்போடாத புள்ள!" என்று பெரியம்மா காதுக்குள் சொன்னார். "பொழுதுபட்ட நேரத்தில ஆத்துப் பக்கம் பேர் சொல்லிக் கூப்பிட்டா, மூணாந்தரம் கூப்பிடுமட்டும் வாயத் திறக்கப்படாது. பேய் ரெண்டு தரம்தான் கூப்பிடும்."

செசீலியா பெரியம்மா லேசில் யாருக்கும் பயப்படுகிறவர் அல்லர். கடிக்க வந்த நாயைச் செருப்பைக் காட்டியே துரத்தியவர். நிற்காமல் போன பஸ்ஸை மறுநாள் நடுவீதியில் நின்று மறித்தவர். ஆனால் பேய் என்ற சொல்லைக் கேட்டால் போதும், அவருக்குக் கைகால் உதறத் தொடங்கிவிடும்.

"நிலானீ...!"

இரண்டாம் தரம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மூன்றாம் தரம் வரவில்லை. தவளைகள் கத்தின. தூரத்தில், ஆறு கடலில் விழும் முகத்துவாரம் இரைந்தது. அவ்வளவுதான்.

"பாத்தியா? ரெண்டோட நிண்டுட்டு!" பெரியம்மா அவசர அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "ஆட்ட இழுத்துக்கொண்டு ஓடு!"

நிலானிக்கு ஓடத்தான் ஆசை. ஆனால் கால் நகரவில்லை. அந்தக் குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. மதுஷனின் குரலும் அப்படித்தான் கரகரக்கும்.

மதுஷன் அவளுடைய வகுப்புத் தோழன். மறுநாள் காலையில் டவுனில் பொது அறிவுப் போட்டி. அரசியல், போர் வரலாறு, ஓவியம், புவியியல் என்று நான்கு சுற்றுகள். ஓர் அணிக்கு இரண்டு பேர். நிலானியும் மதுஷனும் ஓர் அணி.

மதுஷனுக்குப் போர் என்றால் உயிர். எந்தக் கோட்டையை யார் பிடித்தார்கள், எந்த ஓவியத்தை யார் வரைந்தார்கள் என்று கேட்டால் பொரிந்து தள்ளிவிடுவான். புவியியல்தான் கொஞ்சம் இழுக்கும். அதிலும் ஒரு கேள்வியை எத்தனை தரம் கேட்டாலும் பிழையாகவே சொல்லுவான்.

"அவுஸ்திரேலியாவின் தலைநகரம் எது?"

"சிட்னி!"

"கன்பராடா!"

"எங்கட மாமி சிட்னியிலதான் இருக்கா. அதைவிடப் பெரிய இடம் அங்க இல்லயாம். அவ பொய் சொல்லுவாவா?"

மாமி சொன்ன பிறகு புத்தகம் என்ன, வரைபடம் என்ன! நிலானி கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். வாயைத் திறந்தால் சிட்னிதான் வந்தது.

அவனுடைய வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. வழக்கமாகப் பாதையில் ஏறித்தான் பள்ளிக்கு வருவான். பாதை என்றால் நடந்து போகிற பாதை அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற பெரிய மிதவைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். வெள்ளத்தால் பாதை ஓடவில்லை. அக்கரையில் பஸ்ஸும் ஓடவில்லை. அதனால் மதுஷன் ஆற்றுக்குள் இருக்க வழியே இல்லை.

ஆனால் காலையில் போனில் அவள் என்ன சொன்னாள்?

"நீ எப்பிடியும் வந்துடணும். வராட்டி உன்னோட நான் கதைக்கவே மாட்டன்!"

எப்படியும் என்றால் அப்பாவின் தோணியில் ஏறியாவது வந்துவிடுவானே, அந்த மடையன்!

அன்று மத்தியானம்தான் முகத்துவாரத்தை வெட்டித் திறந்திருந்தார்கள். வெள்ளம் வீடுகளுக்குள் ஏறாமல் இருக்க, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணலை வெட்டிவிடுவது வழக்கம். நிலானியின் அப்பா நோபேட்டும் மண்வெட்டியோடு அங்கே போய், சற்று முன்புதான் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். வெட்டிவிட்டால் ஆறு முழுவதும் கடலைப் பார்த்து இழுக்கும். அந்த இழுவையில் ஒரு சின்னத் தோணி அகப்பட்டால் அது போய் நிற்கிற இடம் நடுக்கடல்.

அவள் பெரியம்மாவின் போனைப் பறிக்காத குறையாக வாங்கி மதுஷனின் அப்பாவுக்கு எடுத்தாள். அழைத்த இலக்கத்தோடு இப்போது பேச முடியாது என்று ஒரு குரல் சாவகாசமாகச் சொன்னது.

"அவன் வீட்டில போத்துக்கொண்டு படுத்திருப்பான். வா புள்ள!" என்று பெரியம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

நிலானிக்கு அழுகை முட்டியது. ஓம் என்று சொல்லி, அது பேயாக இருந்துவிட்டால் தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுமாம். சொல்லாமல் விட்டு, அது மதுஷனாக இருந்துவிட்டால்? இரண்டுமே பயம்தான். ஆனால் இரண்டாவது பயம் பெரிதாக இருந்தது.

"பெரியம்மா, ஓம் எண்டுதானே சொல்லப்படாது?"

"ஓம்... இல்ல... சொல்லப்படாது!"

"கேள்வி கேக்கலாமா?"

பெரியம்மா விழித்தார். பேயிடம் கேள்வி கேட்கலாமா கூடாதா என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

நிலானி இரண்டு கைகளையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டாள்.

"அவுஸ்திரேலியாவின் தலைநகரம் எதூ...?"

புகார் அசையவில்லை. தவளைகள்கூட வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. பெரியம்மா ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பிறகு, எங்கோ ஆற்றுக்குள்ளிருந்து கரகரத்த குரல் வந்தது.

"சிட்னீ...!"

"ஐயோ, பேய் பதில் சொல்லுது!" என்று பெரியம்மா அலறினார்.

"பேயில்ல பெரியம்மா! விடை பிழை! பிழை!" நிலானி அழுதுகொண்டே துள்ளினாள். "பேயெண்டாச் சரியாச் சொல்லியிருக்கும். இது மதுஷன்தான்!"

இப்போது குரல் தெளிவாகக் கேட்டது. "நிலானீ! எஞ்சின் நிண்டுட்டு! அதில ஆத்துவாழைச் செடி சுத்திட்டு! கரை எந்தப் பக்கம்?"

"மகள், எங்களுக்கு ஒண்டும் தெரியல்ல!" இது மதுஷனின் அப்பா இராசதுரையின் குரல். "தண்ணி இழுக்குது! நீங்க கத்திக்கொண்டே இருங்க. சத்தம் வாற பக்கம் துடுப்பு வலிக்கன்!"

"பெரியம்மா, ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவாங்க! கயிறு, டோர்ச் லைட் எல்லாம் கொண்டுவரச் சொல்லுங்க!"

பெரியம்மாவுக்குப் பேய்ப்பயம் எங்கே போனதோ தெரியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலிக்கு மேலால் பாய்ந்து ஓடினார்.

கரையில் நிலானியும் ஆடும் மட்டும் நின்றார்கள். தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது. வெள்ளத்தோடு முதலை வரும் என்று அப்பா சொல்லியிருந்தார். பக்கத்தில் ஏதோ சளக் என்றது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கத்த வேண்டும். என்னத்தைக் கத்துவது? பயத்தில் வேறு எந்தச் சொல்லும் வாயில் வரவில்லை. பாடமாக்கி வைத்திருந்த கேள்விகள்தான் வந்தன.

"மட்டக்களப்புக் கோட்டையை முதல் கட்டினது ஆரூ?"

"போர்த்துக்கேயர்!"

"அவங்களிட்ட இருந்து பிடிச்சது?"

"ஒல்லாந்தர்!"

விடை முகத்துவாரப் பக்கமாக நகர்ந்திருந்தது. நிலானிக்கு அது காதிலேயே தெரிந்தது.

"மாமா, இழுத்துக்கொண்டு போகுது! இஞ்சால கிறுகுங்க! என்ட சத்தத்துக்கு நேர வாங்க!"

துடுப்பு தண்ணீரை அடிக்கும் சத்தம் வேகமாகக் கேட்டது.

"உலகத்தில முதல் முதலாப் பெண் பிரதமர் வந்த நாடு எது?"

"நம்மட நாடு! இலங்கை!"

"மோனாலிசாவை வரைஞ்சது?"

"லியனார்டோ... டாவின்சீ...!"

பெயர் நீளமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. குரல் கொஞ்சம் கிட்ட வருவதை அவளால் கேட்க முடிந்தது. "மே" என்று ஆடும் தன் பங்குக்குக் கத்தியது.

"வாட்டர்லூவில தோத்தது?"

"நெப்போலியன்!"

அதன் பிறகு அவளுக்கு எந்தக் கேள்வியும் ஞாபகம் வரவில்லை. தலை காலியாகிவிட்டது. முகத்துவாரம் முன்னைவிடச் சத்தமாக இரைந்தது. போட்டி மேடையில் இப்படி நடந்துவிடுமோ என்றுதான் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். மேடையில் நடந்திருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும்.

"மதுஷன்!" என்று கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

"மதுஷன்!"

தண்ணீரின் சத்தம் மட்டும்தான். துடுப்புச் சத்தமும் நின்றுவிட்டது. நான்தானே வரச்சொன்னேன், நான்தானே வரச்சொன்னேன் என்று மனம் அடித்துக்கொண்டது. நிலானி தொண்டை கிழிய, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"மதுஷேன்...!"

"ஓம்!"

குரல் அவளுக்கு நேர் முன்னால் கேட்டது. புகாருக்குள் ஒரு கறுப்பு நிழல் மெல்ல அசைந்தது. அது தோணியின் மூக்கு.

அதே நேரம் பின்னால் டோர்ச் வெளிச்சம் வந்தது. அப்பா நோபேட் தண்ணீருக்குள் பாய்ந்து இறங்கிக் கயிற்றை வீசினார். முதல் வீச்சு தவறிப் போனது. இரண்டாவதை இராசதுரை எட்டிப் பிடித்துக்கொண்டார். அப்பா இழுத்தார், பெரியம்மா இழுத்தார், நிலானியும் இழுத்தாள். தோணி சேற்றில் ஏறி நின்றது.

மதுஷன் தெப்பமாக நனைந்து இறங்கி வந்தான். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. பொலித்தீன் பைக்குள் பள்ளிச் சீருடையை மட்டும் நனையாமல் சுற்றி வைத்திருந்தான்.

"ஏன்டா மூணு தரம் கூப்பிட வச்ச? நீ செத்துப்போயிட்டாய் எண்டு நினைச்சன்!" நிலானி அவன் தோளில் ஓர் அடி போட்டாள். பிறகு ஓவென்று அழுதாள்.

"பொழுதுபட்ட நேரம் மூணாந்தரம் கூப்பிட்டாத்தானே ஓம் எண்டு சொல்லணும்? அம்மா சொன்னவ," என்றான் மதுஷன். "நீ கேள்வி கேட்டுக்கொண்டு இருக்குமட்டும் அது நீதான் எண்டு தெரியும். திடீரெண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டா பயம் வரும்தானே! அப்பாட துடுப்பையும் நான்தான் பிடிச்சு நிப்பாட்டினன்."

இராசதுரை தலையில் கைவைத்துக்கொண்டார். "இவனால கடலுக்குப் போயிருப்பம்!"

"அப்ப நீ ஏன் என்னைக் கூப்பிடுறத ரெண்டு தரத்தோட நிப்பாட்டின?"

"தோணிக்குள்ள தண்ணி வந்திட்டு. இறைக்கப் போயிட்டன்."

"அவன் சொன்னது சரிதானே," என்றார் பெரியம்மா. "மூணாந்தரம் கூப்பிடுமட்டும் பொறுக்கத்தான் வேணும்."

ஆட்டையும் இழுத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

வீட்டில் பால் விடாமல் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மாவின் போன் அடித்தது. மறுமுனையில் வகுப்பு ரீச்சர் பேசினார். வெள்ளத்தால் போட்டியைப் பிற்போட்டுவிட்டார்களாம். இரண்டு வாரத்துக்குப் பிறகுதானாம்.

இராசதுரைக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து அப்பாவுக்கும் வந்தது. நிலானிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மதுஷனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இனிமே எப்பிடியும் வா எண்டு சொல்ல மாட்டன். கதைக்க மாட்டன் எண்டும் சொல்ல மாட்டன்."

"ம்," என்றான் மதுஷன். போர்த்தியிருந்த துவாய்க்குள்ளிருந்து மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. "நான் சொன்ன விடையெல்லாம் சரியா?"

"ஒண்டு பிழை."

"எது?"

"தலைநகரம். கன்பரா."

மதுஷனின் முகம் விழுந்துவிட்டது. "சரி. இனிமே பிழை விட மாட்டன். கன்பரா, கன்பரா, கன்பரா..."

நிலானி அவசரமாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டியில கன்பரா எண்டு சொல்லு. ஆத்துக்குள்ள இருந்து மட்டும் சிட்னி எண்டே சொல்லுடா!"